வீட்டடுப்பும் அரச விதியும்: புத்தளக் கரையோர வீட்டுணவு விற்பனை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறும் கதைகளுள் பிட்டுக்கு மண் சுமந்த கதை தமிழ் மக்கள் யாவரும் அறிந்ததொன்றாகும். வைகை பெருக்கெடுத்த காலை, மதுரையிலுள்ள ஒவ்வொரு வீட்டாரும் தத்தமக்கு அளந்துவிடப்பட்ட கரைப்பங்கினை அடைத்தல் வேண்டும் எனப் பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு அவித்து விற்று உயிர்வாழ்ந்த வந்தி என்னும் மூதாட்டிக்கும் ஒரு பங்கு அளந்துவிடப்பட்டது. அவளுக்கு மைந்தரும் இல்லை. கூலியாள் வைப்பதற்குப் பொருளும் இல்லை. உதிர்ந்த பிட்டே கூலியாக இறைவன் ஆளாய் வந்தான் எனக் கதை தொடர்கின்றது.

இறைவனின் எளிவந்த தன்மையை உணர்த்துதற்கே இக்கதை வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்துள்ளது. ஆயினும் சமூக வரலாற்றை நோக்குவோர்க்கு அது மற்றொன்றையும் உணர்த்துகின்றது. அரசாணை வந்தியை ஒரு 'வீடு' எனக் கணக்கிட்டதேயன்றி, அவ்வீட்டின் அடுப்பு எதற்காக எரிந்தது என்பதை அறியவில்லை. நாற்பது பணியாளர் உள்ள மாளிகைக்கும் ஒரு கிழவி தனித்திருந்த குடிலுக்கும் ஒரே விதி விதிக்கப்பட்டது. வீட்டில் உணவாக்கி விற்போர் தொடர்பாக அரசுகள் இயற்றிய விதிகள் பலவற்றிலும் இக்குறைபாடு தொடர்ந்து வந்துள்ளமையைக் காணலாம். அவ்விதிகள் எவ்வெக் காலத்தில், எவரை மனத்திற் கொண்டு எழுந்தன என்பதைப் புத்தளக் கரையோரத்தை அடிப்படையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரையோரமும் அதன் அடுப்புகளும்

இலங்கையின் வடமேற்கே சிலாபத்திலிருந்து முந்தல், உடப்பு, பாலாவி, நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டி முனைவரை நீள்வது புத்தளக் கரையோரம். ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் களப்பு, இடையில் மணற்பாங்கான நிலம் என்பதே இதன் அமைப்பு. முஸ்லிம்களும், உடப்பில் வாழும் இந்துத் தமிழ்க் கடற்றொழிலாளரும், கத்தோலிக்கரும், சிங்களவரும் ஒருங்கு வாழும் பிரதேசம் இது. 1344ஆம் ஆண்டில் இப்ன் பதூதா வந்திறங்கி ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டது இக்கரையிலேயாகும். 'தமிழ் புளூட்டாக்' என்னும் புலவர் வரலாற்று நூலை 1859இல் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்ததும் கற்பிட்டியிலேயாகும்.

இங்கு வீட்டுணவு விற்பனை என்பது தனித்ததொரு தொழிலாக அன்றிக் குடும்பப் பொருளாதாரத்தின் ஓர் உறுப்பாகவே விளங்கி வந்துள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதனால் ஆடவரின் தொழில் தடைப்படும். அக்காலத்தில் வீட்டடுப்பே வருவாய்க்கு வழியாகின்றது. மீனை வெட்டிக் குடல் நீக்கி உப்பிட்டு உலர்த்திக் கருவாடாக்குதல், இறாலை அவித்துக் காயவைத்தல், விடியற்காலையில் இடியப்பமும் பிட்டும் அப்பமும் ஆக்கித் தேநீர்க் கடைகளுக்கும் அயல் வீடுகளுக்கும் கொடுத்தல், பெருநாட் காலங்களில் தொதலும் வட்டிலப்பமும் செய்தல் ஆகியன இவ்வகையின. ஆக்குவோர் பெரும்பாலும் பெண்கள். வாங்குவோர் கூப்பிடு தொலைவில் வாழ்வோர். விலையைப் போலவே நம்பிக்கையும் இவ்விற்பனையின் ஆதாரமாகும். மாவில் கலப்படம் செய்தவளின் வீட்டு வாசலுக்கு மறுநாள் எவரும் வருவதில்லை. எனவே, எழுதப்படாததொரு விதி இங்கு முன்னரே நிலவியது எனலாம்.

உணவு விற்போரைப் பற்றிய குறிப்புகள் தமிழிலக்கியத்தில் மிகப் பழையன. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரத்து வணிகருள் பிட்டு விற்கும் காழியரையும் அப்பம் விற்கும் கூவியரையும் சேர்த்தே எண்ணுகின்றது. கௌடில்யரின் அர்த்த சாத்திரமோ சமைத்த சோறும் இறைச்சியும் விற்போரை நகர நிர்வாகத்தின் கண்காணிப்புக்குள் வைத்தது. அதே நூல் அனுமதியின்றி உப்பு ஆக்குவோரைத் தண்டிக்குமாறு கூறியபோதிலும், துறவியரும் கூலியாளரும் தம் உணவுக்கு வேண்டிய உப்பை எடுத்துக்கொள்ளலாம் என விலக்களித்தது. விற்பதற்கென ஆக்குவோரையும் உண்பதற்கென எடுப்போரையும் வேறுபடுத்தும் அறிவு அப்பழைய நூலிலேயே இருந்தமை நோக்கற்பாலது. புத்தளக் கரையில் இவ்வேறுபாடு மறக்கப்பட்ட கதை உப்பிலிருந்தே தொடங்குகின்றது.

உப்பு: கைக்கெட்டிய பொருள் குற்றமானமை

வெயில் மிகுந்ததும் மழை குறைந்ததுமான புத்தளக் களப்போரத்தில் உப்பு விளைவதற்கு மனித முயற்சி பெரிதும் வேண்டியதில்லை. தாழ்ந்த நிலத்திற் புகுந்த உவர்நீர் வற்றியதும் உப்பு பூக்கும். அதனை வாரிவந்து கருவாட்டுக்கு இடுதலும், எஞ்சியதை அயலாருக்கு விற்றலும் இயல்பான செயல்களாகும். ஆனால் உணவுப் பொருள்களுள் அரசுகள் முதன்முதலிற் கைவைத்தது இவ்வுப்பின் மீதேயாம்.

கண்டியரசுக்குக் கடற்கரை இன்மையால் உப்பு அதன் பலவீனமாக இருந்தது. கற்பிட்டியிற் கோட்டை கட்டியிருந்த ஒல்லாந்தர் இதனை நன்குணர்ந்திருந்தனர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமானபோது, புத்தளத்திலும் சிலாபத்திலும் கண்டியர் உப்பு எடுத்துச் செல்ல இடமளிக்கப்பட்டது. ஓர் உணவுப்பொருள் அரசியற் பேரத்தின் பகுதியாயிற்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிரித்தானியர் ஆட்சியில் உப்பு அரசின் தனியுரிமைப் பொருளாகவும் வருவாய் மூலமாகவும் நிலைபெற்றது. 1890ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க உப்புக் கட்டளைச் சட்டம் இதனை ஒழுங்குபடுத்தியது. அனுமதியின்றி உப்பு ஆக்குதலும் திரட்டுதலும் குற்றமாயின. விளைந்த உப்பை அரசு ஏற்று, வரி சேர்த்த விலையில் மக்களுக்கு விற்றது. இதன் விளைவாக, தன் வாசலில் உப்புப் பூத்திருந்தும் கருவாடு போடுவதற்கு அதே உப்பை விலைகொடுத்து வாங்கவேண்டிய நிலை கரையோரக் குடும்பத்துக்கு ஏற்பட்டது. இங்கு அரசு எழுப்பிய வினா உணவு தூயதா என்பதன்று; வரி எவருக்கு என்பதே.

எதிர்க்கரையில் இதே நிலை வேறொரு முடிவை எய்தியது. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் காந்தியடிகள் தண்டியில் உப்பெடுத்தார். அதே மாதத்தில் இராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வேதாரணியத்தை அடைந்து உப்புச் சட்டத்தை மீறினார். 1931 மார்ச் 5ஆம் நாள் கைச்சாத்தான காந்தி–இர்வின் ஒப்பந்தம் உப்புச் சட்டத்தை நீக்கவில்லை. எனினும் உப்பு விளையும் இடங்களை அடுத்துள்ள கிராமத்தவர் தம் வீட்டுத் தேவைக்கும், தம் கிராமத்துக்குள்ளே விற்பதற்கும் உப்பை ஆக்கலாம், வெளியாரோடு வணிகஞ் செய்தலாகாது என்றொரு சலுகையை அது வழங்கியது.

அரசியல் வரலாற்று நூல்கள் பலவும் இச்சலுகையை ஒரு வரியிற் கூறிக் கடந்துவிடுகின்றன. ஆனால் எடுத்துக்கொண்ட பொருளைப் பொறுத்தவரை அது பெரிதும் முக்கியத்துவம் வாய்ந்தது. வீட்டுக்கு ஆக்குதல், ஊருக்குள் விற்றல், வெளியூர் வணிகம் என்னும் மூன்றையும் வேறுபடுத்தி, முதலிரண்டுக்கும் இடமளித்து, மூன்றாவதை மட்டும் கட்டுப்படுத்திய விதி அது. இத்தகைய பாகுபாடு சாத்தியமே என்பதை ஏகாதிபத்திய அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது. பாக்குநீரிணையின் இப்பக்கத்திலோ உப்பு தொடர்ந்தும் அரசின் தனியுரிமையாகவே இருந்தது.

கள்ளும் அப்பமும்

உப்பையடுத்து அரச விதி வீட்டடுப்பை அணுகிய வழி கள்ளாகும். அப்பமா புளிப்பதற்குக் கள் விடுதல் இந்நாட்டின் பழைய வழக்கம். தென்னை செறிந்த சிலாபம்–புத்தளப் பகுதிக்கு அது எளிதிற் கிட்டும் பொருளாகவும் இருந்தது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் கள் இறக்குதலையும் விற்றலையும் அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்தியது. சட்டத்தின் இலக்கு மதுவும் மதுவரியுமேயன்றி அப்பமன்று. ஆயினும் வளவிலுள்ள மரத்திலிருந்து மாவுக்குக் கள் பெறுதலும், மதுச்சாலைக்கென நூறு மரங்களிற் கள் இறக்குதலும் ஒரே சட்டத்தின் கீழ் வந்தன. அப்பச்சட்டியை மனத்திற் கொள்ளாது எழுதப்பட்ட சட்டம் அப்பச்சட்டியையும் தீண்டியமைக்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

நகரத்துக்கென எழுந்த சுகாதார விதிகள்

உணவின் தூய்மை பற்றிய நவீன சட்டங்கள் கைத்தொழிற் புரட்சியின் பேறுகளாகும். உற்பத்தி செய்வோரும் நுகர்வோரும் ஒருவரையொருவர் அறியாத பெருநகரங்கள் இங்கிலாந்தில் எழுந்தபோது கலப்படமும் பெருகியது. 1850களில் ஆதர் ஹில் ஹசல் என்னும் மருத்துவர் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு இலண்டன் உணவுப்பொருள்களிற் காணப்பட்ட கலப்படங்களை 'லான்செட்' இதழில் வெளிப்படுத்தினார். 1858இல் பிராட்போர்ட் நகரில் ஆர்செனிக் நஞ்சு கலந்த இனிப்பை உண்டு சுமார் 20 பேர் மாண்டனர். இவற்றின் விளைவாக 1860இல் கலப்படத் தடைச்சட்டமும், பின்னர் 1875இல் அதனினும் வலிமைமிக்க உணவு, மருந்து விற்பனைச் சட்டமும் இயற்றப்பட்டன.

அச்சட்டங்கள் நியாயமானவையே என்பதில் ஐயமில்லை. அவை முகமறியாச் சந்தைக்கென எழுந்தவை என்பதே ஈண்டு கருதத்தக்கது. காலனித்துவ ஆட்சி அவ்வச்சையே இலங்கைக்கும் கொணர்ந்தது. 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டம் வளவுகளின் துப்புரவை வலியுறுத்தியது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை விற்பனைக்கான உணவிற் கலப்படம் செய்தலையும் கேடான உணவை விற்றலையும் குற்றங்களாக்கியது. நகரங்களில் உள்ளூராட்சி மன்றங்கள் வெதுப்பகங்கள், சாப்பாட்டுக்கடைகள் முதலியவற்றுக்கு உத்தரவுப்பத்திர முறையைப் புகுத்தின. சுதந்திரத்தின் பின்னர் 1949ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க உணவு, மருந்துச் சட்டம் வந்தது.

இவ்விதிகள் அனைத்தும் கடையையே அலகாகக் கொண்டன. முகப்பும் பெயர்ப்பலகையும் உள்ள இடமே பரிசோதகரின் கண்ணுக்குப் புலப்பட்டது. கற்பிட்டித் தேநீர்க்கடை ஒன்றின் கண்ணாடிப் பெட்டி பரிசோதிக்கப்படலாம். அதனுள் அடுக்கப்பட்டிருந்த இடியப்பம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது பதிவேட்டில் இடம்பெறுவதில்லை. உப்பின் விடயத்தில் வீட்டார் குற்றவாளியாயினர். இடியப்பத்தின் விடயத்தில் அவர்கள் கண்ணுக்குப் புலப்படாதோராயினர். முன்னையது ஒடுக்குமுறை எனின், பின்னையது புறக்கணிப்பு எனலாம்.

இதற்கு மாறான ஒரு போக்கும் இக்காலத்தே தோன்றியமையைக் குறிப்பிடாது விடுதல் முறையாகாது. 1926ஆம் ஆண்டில் றொக்பெலர் மன்றத்தின் உதவியுடன் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. நோய் வந்தபின் மருந்தளிப்பதை விடுத்து, வீடுதோறும் சென்று நோய்த்தடுப்பைப் போதிப்பதே அதன் அடிப்படையாகும். இம்முறை பின்னர் நாடெங்கும் பரவியது. சுகாதார மருத்துவ அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல மருத்துவமாதுவும் வீட்டு வாசலை மிதித்தது இதனாலேயாகும். வழக்குத் தொடுக்கும் அதிகாரி என்ற நிலையிலிருந்து கற்பிக்கும் அதிகாரி என்ற நிலைக்கு மாறும் வாய்ப்பு இங்கே பிறந்தது.

பங்கீட்டுக் கால அனுபவம்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942ஆம் ஆண்டு முதல், அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டது. 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை நிறுவப்பட்டு நெற் கொள்வனவு அரசின் கைக்கு வந்தது. 1973–74ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடியின்போது அரிசி மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டு செல்லப்படுதலும் கட்டுப்படுத்தப்பட்டது.

புத்தளக் கரையோரம் நெல் விளையும் நிலமன்று. மணலில் வெங்காயமும் மிளகாயும் தென்னையும் விளையும். அரிசி வெளியிலிருந்தே வரவேண்டும். எனவே அரிசிமாவை நம்பியிருந்த இடியப்ப அடுப்பு இக்கட்டுப்பாட்டினால் நேரடியாகத் தாக்கமுற்றது. குடும்ப அட்டையின் அரிசி உண்பதற்கென அளிக்கப்பட்டது, மாவாக்கி விற்பதற்கன்று. பதிவு பெற்ற கடைக்கும் வெதுப்பகத்துக்கும் மா கோருவதற்கு ஒரு வழி இருந்தது. வீட்டில் அவிப்பவளுக்கு அவ்வாறு கோருவதற்கு ஒரு பெயரே இருக்கவில்லை. கண்ணுக்குப் புலப்படாதிருத்தல் சிலவேளைகளிற் பாதுகாப்பாயினும், பங்கு கேட்கும் வேளையில் அதுவே பாதகமாகும் என்பதை இவ்வனுபவம் உணர்த்துகின்றது.

1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டமும் அதன் பின்னரும்

தற்போது நடைமுறையிலுள்ள விதிகளின் அடித்தளம் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமாகும். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் உணவு பற்றிய பகுதிக்குப் பதிலாக எழுந்த இச்சட்டம், கேடு விளைவிக்கும் உணவையும் கலப்பட உணவையும் துப்புரவற்ற நிலையில் ஆக்கப்பட்ட உணவையும் விற்பதைத் தடை செய்கின்றது. சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம் இதன் தலைமை அதிகாரியாவார். உள்ளூரில் இதனைச் செயற்படுத்துவோர் சுகாதார மருத்துவ அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருமாவர். 1991, 2011 ஆகிய ஆண்டுகளில் இது திருத்தப்பட்டது. விற்பனைக்கான உணவு என்ற அளவில், வீட்டுக்கு இச்சட்டம் தனியாக விலக்கு எதனையும் அளிக்கவில்லை.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் மற்றொரு வாயிலாகும். சில தொழில்களுக்கு உத்தரவுப்பத்திரம் வழங்கிக் கட்டணம் அறவிடும் அதிகாரத்தை அது பிரதேச சபைகளுக்கு அளித்தது. கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதி 750 ரூபாவுக்கு மேற்படாவிடின் 500 ரூபாவும், 1,500 ரூபாவுக்கு மேற்படாவிடின் 750 ரூபாவும், அதற்கு மேற்படின் 1,000 ரூபாவும் உச்சக் கட்டணமாக விதிக்கப்பட்டன. இங்கும் அளவுகோல் கட்டடமேயாகும்; அதனுள் எத்தனை இடியப்பம் அவிக்கப்படுகின்றது என்பதன்று.

பொதிசெய்த உணவுக்கு 2005ஆம் ஆண்டின் சுட்டுத்துண்டு ஒழுங்குவிதிகள் உற்பத்தியாளரின் பெயர், முகவரி, நிறை, சேர்மானங்கள், காலாவதித் திகதி முதலியவற்றை வேண்டின. 2019ஆம் ஆண்டின் இடங்களைப் பதிவுசெய்தல் தொடர்பான ஒழுங்குவிதிகளோ உணவு ஆக்கப்படும், களஞ்சியப்படுத்தப்படும், விற்கப்படும் இடங்களைப் பதிவுக்கு உட்படுத்தின. இவ்வாறு வீட்டடுப்பும் 'உணவு கையாளும் இடம்' என்னும் வரையறைக்குள் வரத்தக்கதாயிற்று. பல்லாண்டுகள் கண்ணுக்குப் புலப்படாதிருந்தவளை அரச பதிவேடு காணத்தக்க நிலை இவ்வாறு உருவாயிற்று. ஆனால் எந்தக் கண்கொண்டு காண்பது என்பதே வினாவாகும். பரிசோதகர் கையிலுள்ள எச் 800 என்னும் படிவம் கட்டடம், நீர், கழிவகற்றல், உபகரணம், கையாளுவோரின் உடல்நலம் முதலியவற்றுக்குப் புள்ளியிட்டு இடத்தைத் தரப்படுத்துகின்றது. உணவகத்தையும் வெதுப்பகத்தையும் அளப்பதற்கு அது தகுந்த கருவியே. ஓலைக்குசினிக்கு அதே அளவுகோலை வைப்பின், அடுப்பின் தூய்மையைக் காட்டிலும் சுவரின் பூச்சே மிகுந்த புள்ளி பெறக்கூடும்.

இடப்பெயர்வும் ஒற்றையறைக் குடிலும்

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு 1990ஆம் ஆண்டின் துயரம் சான்றாகும். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளினால் வெளியேற்றப்பட்டனர். சுமார் 75,000 பேர் தம் ஊர்களை இழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளம், கற்பிட்டி, பாலாவி முதலிய இடங்களிற் குடிலமைத்து வாழலாயினர். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கடையும் காணியும் உடையோராயிருந்த குடும்பங்கள் உலருணவுப் பங்கீட்டை நம்பி வாழும் நிலைக்கு வந்தன. வெங்காயத் தோட்டங்களிற் கூலி வேலையும் வீட்டில் உணவாக்கி விற்றலும் பெண்களுக்கு எட்டிய வழிகளாயின. அவற்றுள் குழந்தைகளை விட்டகலாது செய்யத்தக்கது பின்னையதே.

கிடுகினால் வேய்ந்த ஒற்றையறைக் குடிலில் உறக்கமும் சமையலும் ஓரிடத்திலேயே நிகழவேண்டும். 'உணவாக்கும் இடம் வதியும் இடத்தினின்று வேறாக இருத்தல் வேண்டும்' என்னும் சுகாதார நியதி அங்கே நிறைவேற்றப்பட இயலாததொன்றாகும். நியதி தவறானதன்று, ஆனால் அதனை நிறைவேற்றுதற்கான நிலத்தையும் சுவரையும் இழந்தவரிடமே அது கேட்கப்படுகின்றது. 2007இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய புத்தள வீட்டுத்திட்டம் குடும்பங்கள் பலவற்றுக்கு நிலையான வீட்டை அளித்தது. ஒரு குசினியும் ஒரு நீர்க்குழாயும் சுகாதாரத்தைப் பொறுத்தவரை பல சட்டப்பிரிவுகளுக்கு ஈடானவை என்பதை இது காட்டுகின்றது.

நீரைப்பற்றி ஈண்டு சிறிது விரித்துக் கூறுதல் அவசியமாகும். கற்பிட்டிக் குடாநாட்டின் நன்னீர் மணலுக்கடியில் உவர்நீரின் மேல் மெல்லிய வில்லைபோல மிதந்து நிற்பது. மணலின் ஊடே நீர் எளிதில் இறங்குவதனால், தோட்டங்களுக்கு இடப்படும் செயற்கைப் பசளையும் மலகூடக் குழிகளின் கசிவும் கிணற்றை அடைகின்றன. கிணற்று நீரில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் விதந்துரைக்கும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் அளவைக் கடந்து காணப்பட்டமையை ஆய்வுகள் வெளிப்படுத்தியுள்ளன. கொதிக்க வைத்தல் கிருமியைக் கொல்லும், நைத்திரேற்றை நீக்காது. நீர் வற்றுவதனால் அதன் செறிவு மேலும் கூடும். கையைக் கழுவி, நீரைக் கொதிக்கவைத்து, பாத்திரத்தை மூடிவைத்து எல்லா விதிகளையும் பேணிய ஒரு பெண்ணின் பிட்டிலும் இக்கேடு இருத்தல் கூடும். அதற்கு அவள் எவ்வகையிலும் பொறுப்பாளியல்லள். உணவு விதி அவளது குசினி வாசலோடு நின்றுவிடாது, கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் செல்லவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

பிறநாட்டு அனுபவங்கள்

வீட்டுணவை வேறாக நோக்கி விதி வகுத்த நாடுகளும் உள. இந்தியாவில் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எழுந்த 2011ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், ஆண்டு விற்பனை 12 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத சிறு உற்பத்தியாளருக்கு உரிமம் வேண்டாது, ஆண்டுக்கு 100 ரூபாக் கட்டணத்தில் பதிவு மட்டும் போதுமென வகுத்தன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வீட்டுணவுச் சட்டம், குளிரூட்ட வேண்டாத ரொட்டி, பழப்பாகு, உலர்பழம் முதலியவற்றை வீட்டில் ஆக்கி விற்க அனுமதித்தது. நேரே நுகர்வோருக்கு விற்போர் ஒரு வகுப்பாகவும், கடைகளின் ஊடாக விற்போர் மற்றொரு வகுப்பாகவும் பிரிக்கப்பட்டனர். இரண்டாம் வகுப்பினருக்கே முன்பரிசோதனை கட்டாயமாயிற்று. 2018இல் அம்மாநிலம் இயற்றிய மற்றொரு சட்டம் சூடான உணவுக்கும் இடமளித்து, நாளொன்றுக்கு 30 உணவுகள், கிழமைக்கு 60 உணவுகள் என எல்லையிட்டது.

இவ்விதிகளைப் புத்தளத்துக்கு அப்படியே பெயர்த்தல் பொருந்தாது. கலிபோர்னியாவின் பழப்பாகும் கற்பிட்டியின் கருவாடும் ஒரே தன்மையன அல்ல. ஆனால் இவற்றின் அடிப்படையான பாகுபாடு கவனத்துக்குரியது. எவ்வுணவு, எவ்வளவு, எவருக்கு என்னும் மூன்று வினாக்களுக்கும் அவை முதன்மை அளிக்கின்றன. காந்தி–இர்வின் ஒப்பந்தத்தின் உப்புச் சலுகையும் இவ்வழியதே.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், புத்தளக் கரையோரத்து வீட்டுணவு தொடர்பாக அரசு மூன்று காலங்களில் மூன்று வினாக்களை எழுப்பியமை புலனாகும். காலனித்துவக் காலத்தில் வரி எவருக்கு என்றும், பற்றாக்குறைக் காலத்தில் தானியம் எவ்வளவு என்றும், பிற்காலத்தில் இடம் தூயதா என்றும் அது வினவியது. மூன்றாவது வினா முன்னிரண்டினும் மேலானது என்பதில் ஐயமில்லை. அசுத்தமான உணவு ஏழையின் பெயரால் நியாயப்படுத்தத் தக்கதன்று. ஏனெனில் அதனை உண்டு நோயுறுவோரும் பெரும்பாலும் ஏழைகளே. எனவே வீட்டுணவுக்கு விதியே வேண்டாம் என்பது இக்கட்டுரையின் முடிபன்று.

விதி வேண்டும், ஆனால் அது வீட்டைக் கண்டு எழுதப்படவேண்டும். ஆவியில் வெந்து அன்றே உண்ணப்படும் இடியப்பத்தையும், வாரக்கணக்கில் வைத்து விற்கும் கருவாட்டையும், வெளிமாவட்டங்களுக்குப் பொதிசெய்து அனுப்பும் பண்டங்களையும் அவ்விதி வேறுவேறாக நோக்குதல் வேண்டும். ஊருக்குள் விற்போருக்குக் கட்டணமற்ற எளிய பதிவும் பயிற்சியும் போதியன. சுவரின் பூச்சுக்கு முன்னர் கிணற்று நீர் அரச செலவிற் பரிசோதிக்கப்படுதல் வேண்டும். பரிசோதகர் தண்டிப்பவராக அன்றிக் கற்பிப்பவராக முதலில் வாசலுக்கு வருதல் வேண்டும். 1926இல் களுத்துறையில் தொடங்கிய மரபு அதுவேயாகும். பதிவு பெற்றவளுக்குக் கடன், மானியம், நெருக்கடிக் காலத்தில் மாவும் எரிபொருளும் ஆகியவற்றிற் பங்கு கேட்கும் உரிமையும் அப்பதிவினாலேயே கிட்டுதல் வேண்டும். கடமையை மட்டும் சுமத்தி உரிமையை அளிக்காத பதிவேட்டில் தன் பெயரை எழுதுவிக்க எவளும் விரும்பாள்.

மதுரையில் வந்தியின் பங்குக் கரை அடைபடாது நின்றபோது, அவளால் அஃது இயலுமா என்று எவரும் வினவவில்லை; ஏவலாளனாய் வந்தவன் முதுகிலே பிரம்படியே வீழ்ந்தது. அவ்வடி அரசன் உட்பட அனைவர் முதுகிலும் பட்டது எனப் புராணம் கூறுகின்றது. அயலார் நம்பி உண்ணும் உணவை ஆக்குபவளுக்குப் பொருந்தாத விதியின் சுமையும் அவளோடு நின்றுவிடுவதில்லை. விடியற்காலையில் அவளது வாசலில் இடியப்பத்துக்காகக் காத்துநிற்கும் அயலார் அனைவரும் அதனைச் சுமக்கின்றனர்.